இறங்கலாமா, எழலாமா, வேறு ஊருக்குப் போய்விடலாமா?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த பகல். சென்னையில் ஓர் இண்டிகோ ஏ320 நியோ விமானம் மழைத் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. இறக்கைகள் இடமும் வலமும் தள்ளாடின. சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் எஞ்சின் உறும, அப்படியே மேலே ஏறிப் போய்விட்டது. அந்தச் சில விநாடிக் காணொளி சீக்கிரமே எல்லா வாட்ஸ்ஆப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. பாதிப் பேர் பைலட்டைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் “அந்தக் காற்றுல எறங்கப் பார்த்ததே தப்பு” என்றார்கள்.

இரண்டு பேச்சுமே, பைலட் முன் இருந்தது ஒரே ஒரு கேள்வி என்று நினைத்துக்கொண்டவர்களின் பேச்சு. அவர் முன்னால் எப்போதும் நான்கைந்து வழிகள் இருக்கும்: எப்படியாவது இறக்குவது, வேறு ஓடுபாதை கேட்பது, இறங்காமல் எழுவது, வானத்திலேயே காத்திருப்பது, வேறு ஊருக்குத் திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதுதான் சிக்கல்.

முதலில் காற்றைப் பற்றி. புயல் நாளில் வேகத்தைக் கேட்டு நாம் மிரள்கிறோம். பைலட் முதலில் கேட்பது திசையை. சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25. அதாவது ஒரு முனையிலிருந்து வந்தால் விமானத்தின் மூக்கு ஏறத்தாழ 70 பாகை திசையில், கிழக்கு-வடகிழக்காக இருக்கும். நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே புயல் சென்னைக்குத் தென்கிழக்கே கடலில் இருக்கும்போது நகரத்தில் காற்று வடக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து வரப் பார்க்கும். நேர் வடக்குக் காற்று அந்த ஓடுபாதையை 70 பாகையில் வெட்டும். வேகத்தில் நூற்றுக்கு 94 பங்கு குறுக்குக் காற்றாகவே விழும். 40 நாட் வடக்குக் காற்று என்றால் பக்கவாட்டில் அறைவது 37 நாட்டுக்கு மேல். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) இதே 40 நாட் நேர் எதிரே வந்தால் பைலட் மகிழ்ச்சியாகவே இறக்குவார். எதிர்க்காற்று தரை வேகத்தைக் குறைக்கும். பிரேக்குக்கு வேலை மிச்சம்.

ஏ320 ரகத்துக்குச் சோதனையில் நிரூபித்துக் காட்டிய குறுக்குக் காற்று, சூறையையும் (திடீரென்று எகிறும் காற்றையும்) சேர்த்து 38 நாட். ‘நிரூபித்துக் காட்டிய’ என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். அதற்கு மேல் விமானம் தாங்காது என்று பொருளல்ல. சோதனைக் காலத்தில் கிடைத்த அதிகபட்சக் காற்று அவ்வளவுதான் என்று பொருள். ஆனால் அதை ஓட்டியவர் சோதனை பைலட். அன்றாடப் பைலட்டுக்கு நிறுவனங்கள் அதையே வரம்பாக வைக்கின்றன, ஈரத் தரையில் இன்னும் குறைக்கின்றன.

இறக்குவது என்று முடிவெடுத்தால்

இறக்குவதற்குள்ளேயே தேர்வுகள் இருக்கின்றன. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்து, ஓடுபாதையை நோக்கிச் சாய்வாக நகர்ந்து வருவது ஒரு முறை. ஆங்கிலத்திலும் இதற்கு நண்டின் பெயர்தான். நண்டு நடையில் இறக்கைகள் மட்டமாக இருக்கும், பயணிகளுக்கும் அவ்வளவு குலுக்கல் தெரியாது. கடைசி நொடியில் வாலிலுள்ள சுக்கானை (ரடர்) இயக்கும் மிதியைக் காலால் அழுத்தி மூக்கை நேராக்க வேண்டும். சீக்கிரம் நேராக்கினால் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். தாமதித்தால் சக்கரங்கள் கோணலாகத் தரையில் மோதும்.

இன்னொன்று, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்க் காலை அழுத்தி, மூக்கை நேராகவே வைத்து வருவது. செஸ்னா போன்ற சிறு விமானங்களில் முதலில் கற்றுத் தருவது இதைத்தான். திருத்த நேரம் கிடைக்கிறது, கடைசி நொடி வித்தை தேவையில்லை. ஆனால் 747 மாதிரி நான்கு எஞ்சின் தொங்கும் விமானத்தில் அதிகம் சாய்த்தால் வெளிப்பக்க எஞ்சின் தரையில் உரசும். ஆகவே பெரிய ஜெட்களில் வழக்கம் ஒரு கலவை: நண்டு நடையில் வந்து, தரைக்கு மேல் மூக்கை நேராக்கும்போது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துவது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்துக்கு இந்தத் தலைவலியே இல்லை. அதன் சக்கரங்களையே திருப்பிவைத்துக்கொண்டு கோணலாக இறங்கலாம்.

“எல்லாம் ஆட்டோ பைலட்தானே பார்த்துக்குது?” என்று கேட்பவர்களுக்கு: ஏ320-இல் தானியங்கித் தரையிறக்கத்துக்குக் குறுக்குக் காற்று வரம்பு 20 நாட். அது மூடுபனிக்காக வந்த வசதி. மூடுபனியில் காற்று அசையாது. சூறையில் இறக்குவது மனிதக் கைதான்.

வேகம் அடுத்த தேர்வு. காற்று திடீரென்று 15 நாட் விழுந்தால் இறக்கையின் தூக்குவிசையும் அதோடு விழும். அதனால் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு வருகிறார்கள். போயிங்கில் நிலையான எதிர்க்காற்றில் பாதியும் சூறையின் உபரி முழுவதும் சேர்ப்பது மரபு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் வேகம் பத்து விழுக்காடு கூடினால் நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ இருபது விழுக்காடு கூடும். அதிலும் மழைத் தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில், டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து சக்கரம் மிதக்க ஆரம்பிக்கும். 200 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர் ஏறத்தாழ 127 நாட்டுக்கு மேல் மிதக்கும் என்பது பழைய கணக்கு. ஏ320 தரையைத் தொடுவதும் அதை ஒட்டிய வேகத்தில்தான். மெத்தென்று இறக்கினால் மிதப்பு நீளும். அதனால்தான் மழை நாளில் நல்ல பைலட் ‘தொம்’மென்று இறக்குவார். நாமோ பூப்போல இறக்கியவருக்குக் கைதட்டுகிறோம்.

வேறு ஓடுபாதை

இந்த வழியின் அருமைக்கும் ஆபத்துக்கும் ஒவ்வோர் உதாரணம் கையில் இருக்கிறது.

2008 மார்ச் 1, ஜெர்மனியின் ஹாம்பர்க். எம்மா என்று பெயரிட்ட புயல். மியூனிக்கிலிருந்து வந்த லுஃப்தான்சா ஏ320, ஓடுபாதை 23-இல் இறங்க வந்தது. இறங்குவதற்குச் சற்று முன் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன காற்று 300 பாகையிலிருந்து 33 நாட், சூறை 47. கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 என்றால் 230 பாகை. அதற்கும் காற்றுக்கும் இடையே 70 பாகை. சூறையில் குறுக்குக் காற்று 44 நாட். அதே நிலையத்தில் ஓடுபாதை 33 இருந்தது. அதற்குக் காற்று 30 பாகைதான் விலகல். குறுக்குக் காற்று 24-க்கும் கீழ். ஆனால் 23-க்கு இறங்குசரிவைக் காட்டும் முழுக் கருவி வசதி உண்டு, 33-க்கு திசை காட்டும் கருவி மட்டும்தான். பழகிய, வசதியான பாதையை முதலில் முயன்றார்கள். ஓட்டியவர் துணை விமானி. இடது சக்கரம் லேசாகத் தரையைத் தொட்டதும் கணினி ‘தரையில் இருக்கிறோம்’ என்று எடுத்துக்கொண்டு, சாய்வைத் திருத்தும் பலகைகளின் வீச்சைக் குறைத்துவிட்டது. இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. உடனே எழுந்து, சுற்றி வந்து, ஓடுபாதை 33-இல் சாதாரணமாக இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

ஜெர்மன் விசாரணை அறிக்கை பைலட்டை மட்டும் நோகவில்லை. ‘நிரூபித்துக் காட்டிய காற்று’ என்ற சொற்றொடர் வரம்பா, தகவலா என்பதே பைலட்டுகளுக்குத் தெளிவாக இல்லை என்றது. மேலே அடிக்கோடிடச் சொன்னது அதற்காகத்தான்.

அடுத்தது நம் பக்கம். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, மேடைமேல் அமைந்த அந்த ஓடுபாதையின் 28 முனையில் முதலில் முயன்று எழுந்தது. அதுவரை சரி. பிறகு எதிர் முனையான 10-ஐத் தேர்ந்தார்கள். அந்தத் திசையில் காற்று பின்னாலிருந்து தள்ளியது. தரை தொடும்போது பின்காற்று 14 நாட். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் தொட்டது. மழையில் மிச்சத் தூரம் போதவில்லை. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். ஹாம்பர்க்கில் ஓடுபாதையை மாற்றியது காப்பாற்றியது, கோழிக்கோட்டில் கொன்றது. ஒன்றில் மாற்றம் காற்றை மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தது, மற்றதில் முதுகுக்குக் கொண்டுபோனது. பின்காற்றுக்கான வழக்கமான வரம்பு 10 நாட் அளவில் நிற்பது சும்மா இல்லை.

சென்னையில் இந்த வழி அவ்வளவாக உதவாது. இரண்டாவது ஓடுபாதை 12/30 உண்டு. ஆனால் வடக்குக் காற்று அதையும் 60 பாகையில் வெட்டும், நீளமும் குறைவு.

எழுவது

கோ-அரவுண்ட் (இறங்காமல் எழுவது) என்றால் நம் ஊரில் ஏதோ விபத்திலிருந்து தப்பித்தது போலச் செய்தி போடுகிறார்கள். ஆயிரம் தரையிறங்கலுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை இது நடக்கிறது. த்ராட்டிலை முழுதும் தள்ளு, மூக்கைத் தூக்கு, இறக்கையின் பின்புறம் நீட்டிய ஃபிளாப் பலகையை ஒரு படி உள்ளே இழு, ஏறுகிறது என்று தெரிந்ததும் சக்கரத்தை மடக்கு. ஒவ்வொரு சிமுலேட்டர் பயிற்சியிலும் செய்து சலித்த வேலை.

அப்படியானால் ஏன் தயங்குகிறார்கள்? தயங்குகிறார்கள் என்பது மட்டும் உறுதி. விமானப் பாதுகாப்பு அமைப்பான ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் கணக்கின்படி, நிலைகுலைந்த அணுகல்களில் எழுந்து போவது சுமார் 3 விழுக்காடுதான். மற்றவர்கள் இறக்கியே விடுகிறார்கள். விதி என்னவோ தெளிவு: மேகத்துக்குள் என்றால் 1,000 அடி உயரத்துக்கு இறங்குவதற்குள், கண்ணுக்குத் தெரிகிற வானிலை என்றால் 500 அடிக்கு இறங்குவதற்குள், வேகம், சரிவு, எஞ்சின் எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எழு. ஆனால் வீட்டு வாசல் வரை வந்தவனுக்குத் திரும்பிப் போக மனம் வராது. 2010 மே 22, மங்களூரு விபத்தில் துணை விமானி ‘கோ-அரவுண்ட்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. அன்று புயலில்லை, சூறையில்லை. 158 பேர் போனார்கள்.

எழுவதன் பெரிய பலம், கடைசி வரை கதவு திறந்திருப்பது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் எழலாம். ரிவர்ஸ் த்ரஸ்டை (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) இழுத்த கணத்தில்தான் கதவு மூடுகிறது. அதற்குப் பிறகு நின்றே ஆக வேண்டும். சென்னைக் காணொளியைப் பார்த்து “இவ்வளவு கீழே வந்து எழுந்தாரே” என்று பதறியவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

ஆனால் எழுவதும் எல்லாச் சூழலிலும் காப்பாற்றாது. 1985 ஆகஸ்ட் 2, டல்லஸ்-ஃபோர்ட்வொர்த். டெல்டா நிறுவனத்தின் 191 விமானம் இறங்கும் பாதையில் இடிமேகம் ஒன்று. அதன் அடியில் குளிர்ந்த காற்று குடத்திலிருந்து கவிழ்த்த தண்ணீர் போலத் தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்க்காற்று, வேகமானி ஏறியது. பிறகு கீழ்நோக்கி அறை. பிறகு பின்காற்று, வேகம் சரிந்தது. அதற்குள் உயரம் இல்லை. 137 பேர் இறந்தார்கள். இன்று மூக்கிலுள்ள ரேடார் இந்த வகைக் காற்றை முன்கூட்டியே மோப்பம் பிடித்து ‘விண்ட்ஷியர்’ என்று கத்துவதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். அந்தக் குரல் கேட்டால் விவாதம் கிடையாது, எழ வேண்டியதுதான். புயல் நாளில் பைலட் இந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டால் இன்னும் நல்லது.

காத்திருப்பதா, திரும்புவதா?

இந்த இரண்டில்தான் பயணிகளின் வாய்ச்சண்டை. சில வருடம் முன்பு ஓர் அக்டோபர் இரவு சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். அரை மணிக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் பெங்களூருவில் இறக்கினார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் போனில் மகனிடம் பேசிவிட்டுச் சொன்னார்: “மத்த ஃபிளைட்டெல்லாம் எறங்கிடுச்சாம் தம்பி. இவனுக்கு மட்டும் என்னவாம்?”

அவர் கேட்டது பைலட்டுகளே கேட்டுக்கொள்கிற கேள்வி, வலையும் அதுதான். 1990-களின் இறுதியில் எம்ஐடி லிங்கன் ஆய்வகம் டல்லஸ் வான்பகுதியில் இடிமேகங்களுக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்த்தது. முன்னால் ஒரு விமானம் போயிருந்தால், தாங்கள் தாமதமாக வந்திருந்தால், இருட்டிவிட்டிருந்தால் நுழைவது கூடியது. முன்னால் போனவருக்குக் கிடைத்த காற்று பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சூறை என்பதே நிமிடத்துக்கு ஒரு முகம்.

காத்திருப்பது நல்லதா என்பது மேகத்தின் வகையைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். கோடை மாலையில் தனியாகக் கிளம்பும் இடிமேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி. அதற்குக் காத்திருக்கலாம், பந்தயப் பாதை போல நீள்வட்டத்தில் நான்கைந்து சுற்று சுற்றினால் ஊரே வெளிச்சமாகிவிடும். புயல் அப்படியல்ல. ஃபெஞ்சல் அன்று இரவுதான் கரையைக் கடந்தது. நிலையமும் மூடப்பட்டு நள்ளிரவுக்குப் பிறகே இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் வட்டமடித்து என்ன பயன்?

காத்திருந்தே அழிந்த கதை ஒன்று உண்டு. 1990 ஜனவரி 25, நியூயார்க். மோசமான வானிலையில் கொலம்பியாவின் அவியான்கா 52 விமானத்தை வெவ்வேறு இடங்களில் மொத்தம் 77 நிமிடம் வட்டமடிக்க வைத்தார்கள். முதல் முயற்சியில் இறங்க முடியாமல் எழுந்தபோது எரிபொருள் தீரும் நிலை. துணை விமானி ‘முன்னுரிமை’ கேட்டாரே ஒழிய ‘அவசரநிலை’ என்று சொல்லவில்லை. நான்கு எஞ்சினும் அணைந்து விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். இன்று உலகெங்கும் ‘மினிமம் ஃப்யூயல்’ (எரிபொருள் குறைவு), ‘மேடே ஃப்யூயல்’ (எரிபொருள் அவசரநிலை) என்று இரண்டே நிலைகளாகச் சொல்லைக் கட்டிப்போட்டிருப்பது இந்த மாதிரித் தயக்கத்துக்கு இடம் வைக்காமல் இருக்கத்தான்.

திரும்புவதில் பயணிக்கு எரிச்சல், நிறுவனத்துக்குச் செலவு, விமானிக்குப் பணிநேரம் முடிந்துபோகும் தொல்லை. உயிர் ஆபத்து மட்டும் மற்ற எல்லா வழிகளையும்விடக் குறைவு. ஆனால் சீக்கிரம் திரும்பினால்தான். சென்னை மூடினால் எல்லோரும் பெங்களூருவுக்கும் ஐதராபாத்துக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் பாய்வார்கள். முதலில் போனவருக்கு நிற்க இடம் கிடைக்கும். கடைசியாகப் போனவர் அங்கேயும் வரிசையில் வட்டமடிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஓடுபாதையே தண்ணீருக்குள் போய் நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்தைப் பயணிகள் விமானத்துக்குத் திறந்தார்கள். அது விதிவிலக்கு. ஒவ்வொரு புயலுக்கும் அரக்கோணம் கிடைக்காது.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். தனி இடிமேகம் என்றால் காத்திரு. காற்று வரம்பை ஒட்டி இருந்தால் ஒருமுறை முயன்று பார், எழுவதற்குத் தயாராக. எழ நேர்ந்தால், காற்று நிஜமாகவே மாறியதாகச் செய்தி வராத வரை, இரண்டாம் முயற்சியைவிடத் திரும்புவதே மேல். காற்று வரம்பைத் தாண்டி, புயலும் இன்னும் கரையைக் கடக்கவில்லை என்றால் முயலவே வேண்டாம். பல நிறுவனங்களின் விதி இதைவிடத் தளர்வு. இரண்டு முயற்சி வரை விடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை வரும்போது எரிபொருள் குறைந்து, மனமும் ‘இந்த முறையாவது’ என்று இறுகியிருக்கும் என்பதுதான் என் கவலை.

இந்த வழிகள் எல்லாம் திறந்திருப்பதோ மூடுவதோ டாங்கியில் இருக்கும் கிலோவைப் பொறுத்தது. ஜெட் விமானம் போகும் தூரத்துக்கான எரிபொருளோடு, அதில் ஒரு சிறு பங்கு கூடுதல், மாற்று நிலையம் போய்ச்சேர ஒரு பங்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமடிக்க ஒரு பங்கு எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அந்தக் கடைசி 30 நிமிடம் தொடக் கூடாத உண்டியல் பணம். இவற்றுக்கு மேல் கேப்டன் கேட்டால், எடை வரம்புக்குள், கூட்டிக்கொள்ளலாம். ஏ320 மணிக்கு ஏறத்தாழ 2,400 கிலோ குடிக்கும். ஆக 1,200 கிலோ கூடுதல் என்பது அரை மணிப் பொழுது. சும்மா சுமப்பதற்கும் செலவு உண்டு: சுமக்கும் எடையில் மணிக்கு மூன்று நான்கு விழுக்காடு எரிந்துபோகும். இரண்டு மணிப் பயணத்துக்கு 1,200 கிலோவைச் சுமந்தால் வீணாவது 100 கிலோவுக்கும் கீழ்.

எவ்வளவு எரிபொருள் என்று எழுதிய தாளில் கேப்டன் கையெழுத்திடுவது மும்பையிலோ டெல்லியிலோ, மழையே இல்லாத ஓர் அறையில், கையில் காபியோடு. சென்னைக்கு மேல் அவருக்கு எத்தனை வழி மிச்சமிருக்கும் என்பது பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.